நான் மை பூசிய முகம்

புத்தகக் கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு பில் போடுவதையும் அலமாரி அடுக்குவதையும் கம்ப்யூட்டரே சொல்லிக் கொடுத்துவிடும். அதில் எனக்கு வேலை இல்லை. துபாயில் ஒரே கடையில் நின்றே காலத்தை ஓட்டியவன் நான். என் முழங்காலைக் கேட்டால் மிச்சக் கதையைச் சொல்லும். நான் சொல்ல வந்தது ஒரு கறுப்பு மார்க்கர் பேனாவைப் பற்றி. நடுவில் அறிவுரை மாதிரி ஏதாவது தட்டுப்பட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். வயதானவன் வாயைத் திறந்தால் அது தானாக வந்து விழுகிறது.

துபாயின் சத்வா பகுதியில், தையல் கடைகள் வரிசையாக இருந்த தெருவில் எங்கள் கடை. ஆங்கிலப் புத்தகங்கள், பத்திரிகைகள், வாழ்த்து அட்டைகள் விற்றோம். நான் நாகூர்க்காரன். பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தவன் என்ற ஒரே காரணத்துக்காக நாவல் பகுதியை என் தலையில் கட்டினார் மேனேஜர். இலக்கியம் எங்கே விற்றது? விற்றதெல்லாம் கொலைதான். அதிலும் ஓர் அமெரிக்கர் எழுதிய துப்பறியும் நாவல்கள் வந்த வாரமே காலியாகும். அவருடைய பெயர் இங்கே வேண்டாம். எங்களுக்குள் அவருக்கு வைத்த பெயர் ‘கொலைகாரர்’. “கொலைகாரர் புதுசு வந்தாச்சா?” என்று பக்கத்து சென்ட் ஸ்ப்ரே கடை ஹமீது நானா கேட்பார். என்னோடு ஒரே ரூமில் தங்கியிருந்தவர். அவருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. கதையை நான் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

கொலைகாரர் எழுத வருவதற்கு முன் இன்சூரன்ஸ் கம்பெனியில் விசாரணை அதிகாரியாக இருந்தவர். வீடு எரிந்தது என்று பணம் கேட்பவர்களின் சாம்பலைக் கிளறிப் பார்ப்பதுதான் வேலை. பதினான்கு வருடம், வேலைக்குப் போவதற்கு முன் விடியற்காலையில் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதினாராம். அவருடைய துப்பறிவாளனும் அவரைப் போலவே ஓர் இன்சூரன்ஸ்காரன். அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த ஊரில் எந்தப் பிணத்தின் பக்கத்தில் நின்றாலும் சரி, மாலை ஆறு மணிக்கு வீட்டுக்கு போன் போட்டு மனைவியிடம் “இன்றைக்கு என்ன சமையல்?” என்று கேட்பான். வாசகர்களுக்கு அந்த இடம் வேடிக்கை. ஆறு பேர் படுக்கும் பேச்சிலர் ரூமில், கட்டிலின் மேல்தட்டில் கிடந்தபடி அந்தப் பக்கத்தைப் படித்த எனக்கு ஒரு நாளும் சிரிப்பு வந்ததில்லை.

எனக்கு அப்போது கல்யாணமாகி ஒரு வருடம்தான். கல்யாணத்துக்குப் பிறகு சுலைகாவோடு நான் இருந்தது நாற்பத்தொரு நாள். என் சம்பளத்துக்கு ஃபேமிலி விசா கிடைக்காது. மாதம் ஒரு கேஸட்டில் பேசி அனுப்புவாள். ரூமில் ஐந்து பேர் இருக்கும்போது கேட்க முடியுமா? மதியம் ஒரு மணிக்குக் கடை அடைத்து நான்கு மணிக்குத் திறப்போமே, அந்த நேரத்தில் ரூமுக்குப் போகாமல் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கடையிலேயே உட்கார்ந்து கேட்பேன். ஒரு கேஸட்டில் “எனக்கு ஒண்ணும் வாணாம் மச்சான். எல்லாரும் ஊருக்கு வரும்போது அடிச்சுக்கிட்டு வருவாங்களே, அந்த நீலக் குப்பி ஸ்ப்ரே, அது மட்டும் போதும்” என்றாள். அந்த வாரமே ஹமீது நானாவிடம் வாங்கி, கடை மேசை டிராயரில் வைத்துப் பூட்டினேன். ரூமில் வைத்திருந்தால் நான் லீவில் போவதற்குள் ஐந்து பேர் சட்டையிலும் காலியாகியிருக்கும்.

அவளுடைய போட்டோ ஒன்று என்னிடம் இருந்தது. அது பெட்டியில், துணிகளுக்கு அடியில், ஒரு கவருக்குள் இருந்தது. பேச்சிலர் ரூமில் மனைவி படத்தை வெளியே வைக்கிற வழக்கம் கிடையாது. நாலு பேர் பார்வை படும் என்பது ஒன்று. பார்த்தால் தாங்காது என்பது இன்னொன்று. மற்ற ஐந்து பேரின் மனைவிமாரும் அப்படித்தான் அவரவர் பெட்டிக்குள் இருந்தார்கள்.

இப்போது மார்க்கர் விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து வரும் பத்திரிகைகளின் அட்டையில் பெண்களின் படம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால், கடைக்காரர்களே கறுப்பு மார்க்கரால் மூடிவிட்டுத்தான் அடுக்குவார்கள். எங்கள் கடையில் அந்த உத்தியோகம் எனக்கு. தோள் தெரிந்தால் தோளில், முதுகு தெரிந்தால் முதுகில். நாளடைவில் கை தானாக ஓடும். மை விரலில் அப்பிக்கொண்டால் ஹமீது நானா சிரித்துக்கொண்டே ஸ்ப்ரே அடித்துத் துணியால் துடைத்துவிடுவார். “சென்ட்டுக்கு அசையாத கறை இல்ல தம்பி” என்பார்.

என் பழைய தவறு ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அல் ஐனிலிருந்து ஓர் இன்ஜினியர், கொலைகாரரின் புத்தகம் வாங்குவதற்கென்றே மாதாமாதம் காரை ஓட்டிக்கொண்டு வருவார். ஒரு தடவை என் மேதாவித்தனத்தைக் காட்ட நினைத்து, “இதுல அந்த டாக்டர் மேல சந்தேகமே வராது சார், அங்கதான் இருக்கு” என்று சொல்லித் தொலைத்தேன். மனிதர் புத்தகத்தை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பிப் போனார். மேனேஜர் கத்தவில்லை. “அவர் புஸ்தகம் வாங்க வரலப்பா. அடுத்த ஒரு மாசத்தைத் தள்ளுறதுக்கு ஒண்ணு வேணும்னு வந்தார். அதை நீ புடுங்கிக்கிட்ட” என்றார். சென்னைக்காரர், கணக்காகப் பேசுவார். அந்த வார்த்தை எனக்கு உறைத்தது. ஆனால் உறைத்தது வாயைப் பற்றித்தான்; கையைப் பற்றி இன்னும் உறைக்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம், கொலைகாரரே துபாய்க்கு வருகிறார் என்று செய்தி வந்தது. வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கு எங்கள் கடையில் கையெழுத்துப் போடுவார். புதுப் புத்தகம் அறுபது பிரதி முந்திய வாரமே வந்திருந்தது. முன் அட்டையில் ஒரு காலி நாற்காலி. பின் அட்டை முழுக்க ஒரு புகைப்படம்: கடற்கரையில் எழுத்தாளரும் பக்கத்தில் ஒரு பெண்ணும். பெண் கையில்லாத கவுன் போட்டிருந்தாள். அவ்வளவுதான். அரசாங்கத் தணிக்கை அனுமதிக்கு அனுப்பிய பிரதி எந்தக் குறையும் சொல்லப்படாமல் திரும்பி வந்திருந்தது. அதன் பின்னும் எனக்குப் பயம் விடவில்லை. பெரிய விசேஷம், பெரிய மனிதர்கள் வருவார்கள், எதற்கு வம்பு என்று அறுபது பிரதியிலும் அந்தப் பெண்ணைத் தலை முதல் இடுப்பு வரை மையால் மூடினேன். தோளோடு நிறுத்தியிருக்கலாம். முழுதாக மூடுவது சுலபம், வேகமாக முடியும். அறுபது தடவை அவள் மேல் பேனாவை ஓட்டினேன். ஒரு தடவைகூட அந்த முகத்தைப் பார்க்கவில்லை.

வியாழன் காலை விமான நிலையத்துக்குக் கடை வேனை ஓட்டிக்கொண்டு நானே போனேன். ஒல்லியான, கூன் விழுந்த மனிதர் வந்தார். இத்தனை கொலை செய்தவர் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். தபால் ஆபீசில் ஸ்டாம்ப் கொடுக்கிறவர் போல இருந்தார். அவர் பேசியது ஆங்கிலம். நினைவில் நிற்பதை என் தமிழில் தருகிறேன்.

வண்டி கொஞ்ச தூரம் போனதும், “ஹோட்டலுக்குப் போவதற்கு முன்னால் கடலைப் பார்க்க முடியுமா?” என்று கேட்டார். ஜுமைரா கடற்கரைப் பக்கம் திருப்பினேன். இறங்கி, ஷூவைக்கூடக் கழற்றாமல் ஈர மணல் வரை போய் நின்றார். நான் பக்கத்தில் நின்றேன்.

“இதே தண்ணீர்தானே சவூதியில் தம்மாம் வரைக்கும் போகிறது?”

“ஆமாம் சார். கடல் ஒன்றுதான்.”

“என் மனைவி அங்கே வளர்ந்தவள். அவளுடைய அப்பா எண்ணெய்க் கம்பெனியில் இருந்தார். கம்பெனிக் குடியிருப்புக்குள்ளேயே ஒரு கடற்கரை உண்டு. சாவதற்கு முன் அதை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்றாள். அழைத்துப் போனேன். அங்கே எடுத்த படத்தைத்தான் இந்தப் புத்தகத்தின் பின்னால் போடச் சொன்னேன். போன வருடம் போய்விட்டாள். அழைப்பில்லாமல் விசா தர மாட்டார்கள்; இப்போது தம்மாமுக்கு என்னை அழைக்க ஆள் இல்லை. துபாய்க்குக் கூப்பிட்டார்கள், இதுவாவது கிடைத்ததே என்று வந்தேன்.”

மை பூசிய அறுபது பிரதியும் கடையில் அடுக்கியிருப்பது என் கண்முன் வந்தது. அவர் என் பக்கம் திரும்பவில்லை. கடலைப் பார்த்தபடியே பேசிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு நாவலையும் அவள் கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டு, கொலை செய்தது யார் என்று சொல்வாளாம். சரியாகச் சொல்லிவிட்டால் அவர் முதலிலிருந்து திருத்தி எழுதுவாராம். இப்போது எழுதி வைத்தால் ஊகிக்க ஆளில்லை, அதனால் எழுதுவதே இல்லை என்றார்.

“கொலை ஒரு பக்கத்தில் முடிந்துவிடும்,” என்றார். “மிச்சப் பக்கமெல்லாம் ஓர் ஆள் குறைந்த வீட்டைப் பற்றித்தான் எழுதினேன். தெரிந்த மாதிரி எழுதினேன். ஒன்றும் தெரியாமல்தான் எழுதியிருக்கிறேன்.” வண்டியில் ஏறும்போது சாதாரணமாகக் கேட்டார்: “படம் நன்றாக அச்சாகியிருக்கிறதா? நான் இன்னும் பிரதியைப் பார்க்கவில்லை. இங்கே வந்து பார்த்துக்கொள்கிறேன், அனுப்ப வேண்டாம் என்றேன்.”

நான், “நன்றாக இருக்கிறது சார்” என்றேன். என் வாழ்நாளில் சொன்ன பொய்களில் இன்றைக்கும் தொண்டையில் நிற்பது அது ஒன்றுதான்.

அவரை ஹோட்டலில் விட்டுவிட்டுக் கடைக்கு வந்தபோது ஒரு மணி. மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார்.

“உன்னை யாருய்யா அடிக்கச் சொன்னது? அனுமதிதான் வந்தாச்சே?”

“நான்தான் சார், ஒரு சேஃப்டிக்கு...”

“சரி, ஒண்ணு செய். நம்ம கடை ஸ்டிக்கர் பெருசா இருக்குல்ல, அதை மை மேல ஒட்டிடு. கையெழுத்து உள் பக்கத்துலதான் போடுவார். பின்னாடி திருப்பிப் பாத்தாலும் ஏதோ விசேஷ ஸ்டிக்கர்னு நினைச்சுக்குவார். நான் வீட்டுக்குப் போய் சாப்பிட்டுட்டு நாலு மணிக்கு வர்றேன்.”

அவர் சொன்னதில் தப்பில்லை. கடையைக் காப்பாற்ற அதுதான் வழி. ஸ்டிக்கர் கட்டைக் கையில் எடுத்தேன், முதல் பிரதியைத் திருப்பினேன். கறுப்புக்கு மேல் இன்னொரு திரை. அவர் அமெரிக்காவிலிருந்து வந்தது இதைப் பார்க்கவா? கை வரவில்லை.

மை போக வேண்டும் என்றால் ஸ்பிரிட் வேண்டும். ஓடினேன். பெயின்ட் கடை ஷட்டர் இறங்கியிருந்தது. மருந்துக் கடை பூட்டு. ஹமீது நானா வியாழக்கிழமை மதியத்தில் ஷார்ஜாவிலிருக்கும் மச்சான் வீட்டுக்குச் சாப்பிடப் போய்விடுவார். தெரு முழுக்க ஓர் ஆள் இல்லை. நான்கு மணி வரை அந்த ஊரில் ஓர் ஊசிகூட வாங்க முடியாது. ஐந்து மணிக்கு அவர் வந்துவிடுவார்.

திரும்பி வந்து ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். வழக்கமாக சுலைகாவின் கேஸட்டைக் கேட்கும் இடம் அது. டிராயர் சாவி என் இடுப்பில் இருந்தது. உங்களிடம் பெருமையடிக்க விரும்பவில்லை, உடனே திறந்துவிடவில்லை. லீவுக்கு இன்னும் இரண்டு மாதம். அவள் கேட்டது ஒரே ஒரு பொருள். இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்தான். ஆனால் அந்தக் குப்பியை நான் எத்தனை மதியம் எடுத்துப் பார்த்திருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும்.

பிறகு திறந்தேன்.

ஒரு வெள்ளைத் துணியில் இரண்டு தடவை அடித்து, ஓரத்திலிருந்து மெதுவாகத் துடைத்தேன். அட்டை வழவழப்பாக இருந்ததால் மை கரைந்து துணிக்கு வந்தது. முதலில் தலைமுடி வந்தது, காற்றில் பறந்துகொண்டு. அப்புறம் ஒரு காது, நெற்றி, கண். கடைசியில் வாய். அவள் கேமராவைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருக்கும் மனிதர் என்னவோ சொல்லியிருக்கிறார், அதற்குச் சிரித்துக்கொண்டிருந்தாள். நோயாளி என்று சொல்ல முடியாது. நல்ல சிரிப்பு. ஒரு வாரமாக இந்த முகம் என் மேசையில்தான் இருந்திருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. யாருடைய முகத்தைப் பார்த்து அழுதேன் என்று கேட்காதீர்கள். என் மனைவியும் ஒரு கவருக்குள், இருட்டில், துணிகளுக்கு அடியில்தான் இருந்தாள்.

முப்பத்தெட்டுப் பிரதி துடைத்ததும் குப்பி தீர்ந்தது. மிச்சத்தைப் பெட்டியில் கட்டி உள்ளே வைத்தேன். துடைத்தவையும் முழுச் சுத்தமில்லை. தோள் பக்கம் சாம்பல் நிறத்தில் ஒரு நிழல் நின்றது. கடை மூலைமுடுக்கெல்லாம் ஸ்ப்ரே மணம். நான்கு மணிக்கு வந்த மேனேஜர் மூக்கை உறிஞ்சி, புத்தகங்களைப் பார்த்து, காலிக் குப்பியையும் பார்த்தார். ஃபேனைக் கூட்டி வைத்தார்.

ஐந்து மணிக்கு எழுத்தாளர் வந்தார். கூட்டம் நின்றது, அல் ஐன் இன்ஜினியரும் வரிசையில் இருந்தார். எழுத்தாளர் உட்கார்ந்ததும் செய்த முதல் காரியம், மேலே இருந்த பிரதியைத் திருப்பியதுதான். நெடுநேரம் பார்த்தார். விரலால் அந்தச் சாம்பல் நிழலைத் தடவினார். பிறகு புத்தகத்தை முகத்தருகே கொண்டு போய் முகர்ந்தார். இன்சூரன்ஸ் விசாரணை செய்தவர் அல்லவா?

“இது என்ன மணம்?” என்று என்னைக் கேட்டார்.

மேனேஜர் என் காலை மிதித்தார். அச்சு மை வாசனை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். காலையில் சொன்ன பொய் ஒன்றே போதும் என்று தோன்றியது. குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி எல்லாவற்றையும் சொன்னேன்: யாரும் கேட்காமல் நானாகவே மூடியது, காலையில் பொய் சொன்னது, கடைகள் அடைத்திருந்தது, டிராயர், குப்பி.

அவர் பேனாவின் மூடியைத் திறந்தார், மூடினார். “அந்தக் குப்பி யாருக்கு வாங்கியது?”

“என் மனைவிக்கு சார். ஊரில் இருக்கிறாள்.”

“எவ்வளவு நாளாக?”

“கல்யாணம் ஆனதிலிருந்து.”

என்னை ஏறிட்டுப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். “நான் அவளோடு ஒரே மேசையில் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்தேன்,” என்றார். “போதவில்லை. நீ ஊருக்குப் போ.”

“இன்ஷா அல்லாஹ், போகிறேன் சார்” என்றேன். அதற்குள் வரிசை அசைய ஆரம்பித்துவிட்டது. கடைசியில் ஒரு பிரதியில் ஏதோ எழுதி என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். பிரித்தால், சுலைகாவின் பெயர் தெரியாததால், ‘இந்த மணத்துக்கு உரியவருக்கு’ என்று மட்டும் எழுதியிருந்தது.

இரண்டு மாதம் கழித்து லீவில் போனேன். வேறு குப்பி வாங்கிப் போயிருந்தேன், அதே நீலம்தான். சுலைகா அதை ஓரமாக வைத்துவிட்டுப் புத்தகத்தை எடுத்தாள். பின் அட்டையில் கொஞ்சம் மணம் மிச்சமிருந்தது.

“யாரு மச்சான் இந்த அம்மா? இவ்வளவு வாசமா இருக்காங்க?”

நடந்ததைச் சொன்னேன். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அது சரி, என் போட்டோ ஒண்ணு கொண்டுட்டுப் போனீங்களே, அத எங்க வச்சிருக்கீங்க?”

“பெட்டில. துணிக்கு அடில. பத்திரமாத்தான் இருக்கு.”

“வெளிய வைங்க மச்சான்,” என்றாள்.

திரும்பிப் போன அன்றே கட்டிலுக்கு மேலே சுவரில் அதை ஒட்டினேன். ரூமில் மற்றவர்கள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்கள். ஹமீது நானா மட்டும், “நம்ம சுலைகா தங்கச்சியா? அல்லாஹ் நல்லா வைக்கட்டும்” என்று சொல்லிவிட்டுத் தன் பெட்டியைத் திறந்து எதையோ தேடினார். அந்த மாதம் முடிவதற்குள் சுவரில் இன்னும் இரண்டு படங்கள் இருந்தன.

நீங்கள் மூடும் எதையும் மூடுவதற்கு முன் ஒரு தடவை நன்றாகப் பாருங்கள். நான் உங்களுக்குச் சொல்ல வந்த தொழில் பாடம் அவ்வளவுதான். மிச்சம் பாடமில்லை, என் சொந்தக் குறை.

இரண்டு வருடம் கழித்துக் கொலைகாரரின் அடுத்த புத்தகம் வந்தது. எப்படியோ எழுதிவிட்டிருந்தார். பெட்டியை உடைத்ததும் பின் அட்டையைத்தான் திருப்பினேன். ஏதோ ஒரு கடற்கரை. அவர் மட்டும், படத்தின் ஒரு பக்கமாக ஒதுங்கி உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் ஓர் ஆள் உட்காரும் இடத்தை அப்படியே விட்டு வைத்திருந்தார். மார்க்கருக்கு அங்கே வேலை இருக்கவில்லை.

அன்றைக்கே ராஜினாமாக் கடிதம் எழுதினேன். என் தங்கச்சி கல்யாணம் முடியட்டும் என்று டிராயரில் வைத்தேன். பிறகு வீடு கட்டி முடியட்டும் என்றேன். ஸ்ப்ரே இருந்த அதே டிராயரில் அந்தக் கடிதம் பதினேழு வருடம் இருந்தது. இப்போது நாகூரில் சுலைகாவோடு ஒரே மேசையில் சாப்பிடுகிறேன். தேநீருக்கு எனக்கு எத்தனை கரண்டி சர்க்கரை என்று போன வாரம்கூட அவள் என்னிடம் கேட்டாள்.